பின்னால் நிற்பவள்

மரப்பலகையைத்தான் லோரீன் முதலில் பார்த்தாள். செம்மண் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த பிக்கப் டிரக், தன் பின்னால் இழுத்து வந்த டிரெய்லர் வீட்டோடு அவளுடைய வாசலைத் தாண்டிப் போய், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வளைவில் நின்றது. டிரெய்லரின் முதுகில், இரண்டு சங்கிலிகளில் பலகை ஆடிக்கொண்டிருந்தது. டிரெய்லர்க்காரர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்கிற சங்கதிதான். மேலே குடும்பப் பெயர், கீழே புருஷன் பெண்டாட்டி பெயர், நடுவில் ஒரு இதயம். 'ப்ரூயிட்' என்று பெரிதாகச் செதுக்கியிருந்தது. கீழே 'கார்லண்ட்', அப்புறம் 'பாட்ஸி'. பாட்ஸியின் மேல் மட்டும் வர்ணம் புதிதாக இருந்தது. அதற்கு முன்னால் அங்கே இருந்த பெண்ணின் பெயரைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். வெயிலில் பட்டி வெடித்துப் பழைய பெயரின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கார்லண்ட் ப்ரூயிட். எட்டு வருஷமாக அந்தப் பெயரை அவள் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அந்தப் பெயர் இப்போது தானாகவே அவள் வீட்டு வாசலுக்கு வந்து, வண்டியின் ஏசி ஓட, எங்கே நிறுத்தலாம் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது.

ஜூன் மாதத்தில் டிரெய்லர்கள் தங்குகிற அந்தப் பூங்கா முகாமுக்கு யாரும் வருவதில்லை. டெக்சாஸின் மேற்குக் கோடியில், அடுத்த பெட்ரோல் பங்குக்கே தொண்ணூறு மைல் போக வேண்டிய இடம். குளிர்காலத்தில் முகாம் நிறைந்து வழியும். கோடையில் கல்லும் சீமைக்கருவேலமும்தான். கருவேலத்துக்கென்ன, அதன் சொந்த ஊரே இதுதான், சந்தோஷமாக இருக்கும். மற்ற உயிர்கள் எல்லாம் பொந்துக்குள் போய்விடும். முகாமைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று மாநிலப் பூங்காக்காரர்கள் கேட்டபோது கோடை மாதங்களுக்கு வரிசையில் நின்றவள் லோரீன் ஒருத்திதான். சம்பளம் கிடையாது. டிரெய்லரை நிறுத்த இடமும் கரண்டும் தண்ணீரும் சும்மா கிடைக்கும், அவ்வளவே. "ஜூன்ல இங்க இருக்கிறது பல்லியும் நீங்களும்தான் மிஸ் லோரீன். அதுல பல்லி கொஞ்சம் யோசிக்குது," என்பான் ரேஞ்சர் எலிசியோ. அவனும் இன்று தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டான், இருட்டுவதற்குள் வந்தால் பெரிய விஷயம்.

அவள் இந்தக் கோடிக்கு வந்ததற்குக் காரணம் வெயில் மேல் உள்ள ஆசை இல்லை. மற்ற முகாம்களில் ஆட்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவார்கள். அந்தக் கதைகளில் ஒன்று ஹாய்ட்டைப் பற்றியது.

ஹாய்ட் அவளுடைய புருஷன். எண்ணெய்க் கிணறுகளில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலையிலேயே தலை நரைத்தவன். நாலு யானை கனம் உள்ள குழாயைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, ஒரு விரலை அசைத்து அதை அங்குலம் அங்குலமாக இறக்குவான். ஓய்வுபெற்று இருவரும் டிரெய்லரில் ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பியபோது, முகாமுக்கு வரும் புது ஆட்களுக்கெல்லாம் பின்னால் நின்று கை காட்டுவது அவன் பொழுதுபோக்காகிவிட்டது. டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்துவது லேசான காரியம் இல்லை. ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பினால் டிரெய்லர் வலதுபக்கம் போகும். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது, பக்கக் கண்ணாடியில் தெரிகிற ஆளின் கை ஒன்றுதான் கண். எத்தனையோ கல்யாணங்கள் அந்த ஐந்து நிமிஷத்தில் முறிந்திருக்கின்றன. மற்றவர்கள் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஹாய்ட் உட்கார மாட்டான். ஓட்டுகிறவனின் ஜன்னலுக்குப் போய் முதலில் பாடம் நடத்துவான். "இப்படி ஆட்டினா வா. ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க வெச்சா நில்லு. கண்ணாடியில என்னைக் காணலைன்னா, கடவுளே வந்து வான்னு சொன்னாலும் நில்லு."

கிழக்கே ஒரு ஏரிக்கரை முகாமில், ஒரு சாயங்காலம், அவன் கார்லண்ட் ப்ரூயிட் என்கிறவனுக்குக் கை காட்டப் போனான். இரண்டு நாள் பழக்கம். லோரீன் சுட்ட சோளரொட்டியை வாங்கித் தின்றவன் அந்த ப்ரூயிட். அவள் உள்ளே இருந்தாள். சத்தம்தான் கேட்டது. வெளியே ஓடி வந்தபோது ஹாய்ட் டிரெய்லருக்கும் சிமெண்டு மேஜைக்கும் நடுவில் இருந்தான். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் ப்ரூயிட் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "அவருதான் வா வான்னு கை காட்டினாரு." அவ்வளவுதான். பின்னால் நின்றவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். ப்ரூயிட் சாவுக்கு வரவில்லை, பூங்கொத்து ஒன்று வந்தது. அதற்கு அடுத்த வருஷம், வேறொரு முகாமில், முன்பின் தெரியாத ஒருத்தன் நெருப்பைக் கிளறிக்கொண்டே, தானே கை காட்டித் தன் மேல் வண்டியை ஏற்றிக்கொண்ட ஒரு முட்டாளின் கதையைச் சொன்னான். எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். லோரீன் எழுந்து போய் டிரெய்லருக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். ஹாய்ட் செத்ததைக்கூட அவளால் தாங்க முடிந்தது. அவன் முட்டாளாகச் செத்தான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

டிரக்கின் கதவு திறந்து ப்ரூயிட் இறங்கினான். முன்னைக்கு இப்போது பருத்திருந்தான். காதோரம் நரை. கையில் ஒரு காகிதப் பை.

"மதிய வணக்கம் மேடம். இங்க மனுஷங்க இருக்காங்களேன்னு இப்பத்தான் உயிரே வந்துச்சு. வர்ற வழியில பீச் பழம் வாங்கினோம். எடுத்துக்கோங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். முகத்துக்கு நேராகப் பார்த்தாள். அப்போது அவளுக்கு நீளமான செம்பட்டை முடி, இப்போது ஒட்ட வெட்டிய நரை. உடம்பில் பாதி போய்விட்டது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேறு. இருந்தாலும் அவனுடைய கண்ணில் ஒரு சின்னத் தடுமாற்றமாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவளை அவனுக்குத் தெரியவில்லை. அவள் வாழ்க்கையை நசுக்கிவிட்டுப் போனவனுக்கு அவள் முகம்கூட ஞாபகம் இல்லை. பழத்தின் இனிப்பு வாசனை பையிலிருந்து மேலே வந்தது.

"ஒரு ராத்திரிதான் மேடம். நேரா உள்ள போயி நேரா வெளிய வர்ற மாதிரி ஒரு இடம் குடுத்தா போதும். பின்னாடி தள்ளுற வேலை வேணாம்."

"எலித் தொல்லை ஜாஸ்தி இங்க," என்றாள் லோரீன். குரல் அவளுக்கே ஆச்சரியமாக நிதானமாக வந்தது. "வயரைக் கடிச்சு வெச்சிடும். எந்தப் பெட்டியில கரண்ட் வருதுன்னு பார்த்துட்டு வந்துடறேன். நீங்க வண்டிக்குள்ளயே ஏசியில உக்காருங்க."

பேட்டரி வண்டியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் போனாள். மொத்த முகாமுக்குமான மின்பெட்டி அங்கேதான் இருந்தது. சாவி அவள் இடுப்பில். தன்னுடைய இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் உள்ள பிரேக்கர்களை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். ஒவ்வொரு 'டக்'குக்கும் மனசு ஒரு படி லேசானது. எவ்வளவு காலமாயிற்று இப்படி ஒரு காரியத்தை ரசித்துச் செய்து.

ஒன்பதாம் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகாமிலேயே அதுதான் கேடுகெட்ட இடம். பின்னோக்கித்தான் நுழைய முடியும், அதுவும் இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குத் தெரியாத வலதுபக்கமாக. அந்த வலது ஓரத்தில் பழைய ரயில் கட்டைகளைப் போட்டு மண்ணைத் தாங்க வைத்திருந்தார்கள். கட்டைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு வறண்ட ஓடை. கோடியில், பின்பக்கம், மாடு படுத்த மாதிரி ஒரு பாறை. குளிர்காலத்தில்கூட இடம் கிடைக்காமல் அல்லாடுகிறவன்தான் ஒன்பதாம் இடத்தை எடுப்பான். வலதுபக்கச் சக்கரம் கட்டையை விட்டு இறங்கினால் அச்சு முறியும், டிரெய்லர் சாயும். தொண்ணூறு மைலுக்கு இழுவை வண்டி கிடையாது. பெருமையாக இழுத்துக்கொண்டு வந்த வீடு கண்ணெதிரே குப்புற விழுவதை அவன் பார்க்கட்டும். யாரோ கை காட்டியதை நம்பி வந்து கெட்ட முட்டாள் என்று அவன் கதையை ஊர் சிரித்துச் சொல்லட்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

அவள் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போக, ப்ரூயிட் நாலாம் இடத்தில் தன்னுடைய வயரைச் செருகிப் பார்த்தான். ஐந்தில் பார்த்தான். ஆறில் பார்க்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வெப்பமானி பாரன்ஹீட்டில் நூற்றுப் பத்தைத் தாண்டி நின்றது. ஒன்பதில் விளக்கு எரிந்தது.

"சரி, வேற வழியில்ல," என்றான், இடத்தைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கி. "என் பொண்டாட்டிக்கு இந்தக் கை காட்டுற வேலையெல்லாம் வராது. ஒரு தடவை நிக்க வெச்சேன், கொசு விரட்டுற மாதிரி ஆட்டுறா. நீங்கதான் பின்னாடி நின்னு உதவணும் மேடம்."

"நிக்கிறேன்," என்றாள் லோரீன். "முதல்ல உங்க வண்டி ஆறட்டும். இஞ்சின் கொதிக்குது பாருங்க. உங்க வீட்டம்மா என்கூட வந்து கொஞ்சம் குளிர்ச்சியா உக்காரட்டும்."

வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு அவன் அங்கேயே நின்றான். பாட்ஸி லோரீனின் டிரெய்லருக்கு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், சின்னதாக, கேட்பதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிற முகம். ஐஸ் போட்ட தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

"அவன் சொல்றதைப் பெருசா எடுத்துக்காதீங்க. கொசு விரட்டுறேனாம். எனக்குக் கத்துக்கணும்னு ஆசைதான். ஆனா பின்னாடி நிக்கவே விடமாட்டான். பயம்."

"எதுக்குப் பயம்?"

பாட்ஸி ஜன்னல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு முன்னாடி நடந்தது. ஏதோ ஏரியில யாரோ ஒருத்தன் இவனுக்குக் கை காட்டுறேன்னு வந்திருக்கான். நல்ல போதையாம். ஒரு கையில பீர் டின்னு, ஒரு கையில வா வா. தானே போயி நடுவுல நின்னுக்கிட்டானாம். கார்லண்ட் பாவம், அதை நெனச்சா அன்னைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டான். எவனோ குடிச்சிட்டு ஆடினதுக்கு இவன் ஏன் இப்படி வதைபடணும், சொல்லுங்க?"

ஹாய்ட் குடியை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒவ்வொரு நாளும் அவன் அதோடு மல்லுக்கட்டியதை லோரீன் கூட இருந்து பார்த்திருக்கிறாள். முதலில் முட்டாள். இப்போது குடிகாரனும் ஆகிவிட்டான். இன்னும் பத்து வருஷம் இந்த ஆள் உயிரோடு இருந்தால் ஹாய்ட் திருடனாகவும் ஆகிவிடுவான்.

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருந்தாளா?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும். இருந்திருந்தா விட்டுது சனியன்னு இருந்திருப்பா."

லோரீன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டாள். "நீங்க உள்ளயே இருங்க. வெயில்ல வராதீங்க."

வெளியே வந்தபோது வெயில் அடுப்புக்குள் தலையை விட்டது போல அறைந்தது. ப்ரூயிட் வண்டியில் ஏறி ஜன்னலை ஒரு விரற்கடை மட்டும் இறக்கி வைத்திருந்தான். உள்ளே ஏசியின் இரைச்சல், ரேடியோவில் யாரோ பேஸ்பால் ஆட்டத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கையையும் குறுக்க வெச்சா நில்லுங்க," என்றாள் அவள். "கண்ணாடியில என்னைக் காணலைன்னா நில்லுங்க."

"தெரியும் மேடம். இதுல நான் பழுத்த ஆளு."

அவள் இடதுபக்கம், டிரெய்லருக்குப் பின்னால், அவனுடைய கண்ணாடியில் விழும்படி நின்றாள். கையை உயர்த்தி ஆட்டினாள். வா. டிரெய்லர் தயங்கித் தயங்கி வளைந்தது. வா, வா. முதல் பத்தடிக்கு அவள் ஒழுங்காகத்தான் காட்டினாள். அவனுக்கு நம்பிக்கை வர வேண்டும் அல்லவா. ஹாய்ட்டின் கை அவளுடைய கைக்குள் புகுந்துகொண்ட மாதிரி, அவன் செய்வது போலவே மணிக்கட்டில் இருந்து, அவசரம் இல்லாமல். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வலதுபக்கம் ஒதுக்கினாள். இன்னும். இன்னும். அவள் நின்ற இடத்திலிருந்து டிரெய்லரின் முதுகு முழுக்கத் தெரிந்தது. மரப்பலகை ஆடியது. வலதுபக்கச் சக்கரத்துக்கும் ரயில் கட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி கூட இல்லை. இன்னும் ஒரு தரம் கை அசைந்தால் போதும். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் பாட்ஸியைப் பார்த்தாள். எந்த வழியாக வந்தாளோ, டிரெய்லரின் மறுபக்கம், அந்த முகாமிலேயே அப்போது நிழல் இருந்த ஒரே துண்டு இடத்தில் ஓடி வந்தாள். "பள்ளம்! கார்லண்ட், இந்தப் பக்கம் பள்ளம்!" என்று டிரெய்லரின் சுவரைக் கையால் தட்டினாள். ரேடியோவுக்கு மேல் அது எங்கே கேட்கும். கேட்கவில்லை என்று தெரிந்ததும், அவனுடைய கண்ணாடியில் விழலாம் என்று நினைத்தோ என்னவோ, ரயில் கட்டையின் மேல் கால் வைத்துப் பின்னால் சுற்றி வந்து பாறைக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் ஆட்டினாள். கொசு விரட்டுகிற மாதிரிதான் ஆட்டினாள்.

லோரீன் எல்லாவற்றையும் பார்த்தாள். பாறை, அதற்கு முன்னால் அந்தச் சின்ன உடம்பு, அதை நோக்கி வருகிற டிரெய்லரின் மூலை. ஹாய்ட் நின்ற இடம் அதுதான், மேஜைக்குப் பதிலாகப் பாறை. எல்லாம் பார்த்த பிறகும் உயர்ந்திருந்த அவளுடைய வலது கை இன்னொரு தரம் ஆடியது. வா.

ஒரே ஒரு தரம். அடுத்த கணம் இரண்டு கைகளும் தலைக்கு மேல் குறுக்கே ஏறிவிட்டன. "நில்லு!" என்று கத்தினாள். "நில்லு, நில்லுடா!"

டிரெய்லர் நிற்கவில்லை. அவள் அவனுடைய கண்ணாடிக்கு நேராக, வெட்டவெளியில், இரண்டு கையையும் பெருக்கல் குறியாக வைத்துக்கொண்டு நின்றாள். அது பாட்டுக்கு வந்தது. ஓர் அடி. இன்னோர் அடி. எட்டு வருஷமாக அவள் கண்ணால் பார்க்காமல், மனசில் மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த படம் இப்போது அவள் முன்னால் ஓடியது. இவன் பார்ப்பதில்லை. இவன் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை. ஹாய்ட் இப்படித்தான் நின்றிருப்பான், கடைசி வரைக்கும், நிற்பான் நிற்பான் என்று நம்பிக்கொண்டு.

சக்கரம் கட்டையை விட்டு இறங்கியது. டிரெய்லர் முனகிக்கொண்டு வலதுபக்கம் சாய்ந்தது. அதன் மூலை பாறையில் மோதி அலுமினியத் தகடு கிழியும் சத்தம் ஓடையில் எதிரொலித்தது. அதற்கு அப்புறம்தான் பிரேக் விளக்கு எரிந்தது.

லோரீன் ஓடினாள். பாறைக்கு முன்னால் யாரும் இல்லை. குனிந்து பார்த்தபோது ஓடைக்குள் பாட்ஸி கிடந்தாள். கட்டை தடுக்கி விழுந்ததுதான் அவளைக் காப்பாற்றியிருந்தது. முழங்கை இரண்டும் உரிந்து, வாயெல்லாம் மண்ணாக, எழுந்து உட்கார்ந்து தன் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ப்ரூயிட் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தான். சாய்ந்த டிரெய்லரைப் பார்த்தான், கிழிந்த மூலையைப் பார்த்தான், லோரீனைப் பார்த்தான். பாட்ஸியை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"நீங்கதானே வா வான்னு கை காட்டினீங்க!" என்று கத்தினான். "நான் உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்கதானே வரச் சொன்னீங்க!"

அதே வாக்கியம். ஆள்தான் வேறு, மற்றபடி அதே வாக்கியம். ஆனால் இந்த முறை அது முழுப் பொய்யும் இல்லை.

"இல்ல," என்றது ஓடைக்குள் இருந்து ஒரு குரல்.

பாட்ஸி கட்டையைப் பிடித்து ஏறி வந்தாள். ப்ரூயிட் கை கொடுக்கப் போனான், அவள் அதைப் பிடிக்கவில்லை.

"அவங்க நிக்கச் சொன்னாங்க கார்லண்ட். நான் இங்கதான் இருந்தேன், உனக்கும் பாறைக்கும் நடுவுல. ரெண்டு கையையும் இப்படித் தலைக்கு மேல வெச்சுக்கிட்டுக் கத்தினாங்க. நீ வந்துக்கிட்டே இருந்த."

"நீ இங்க எதுக்கு வந்த? உன்னை யாரு..."

"நீ பார்க்கல."

"வெயில் கண்ணாடியில அடிச்சுது பாட்ஸி. ஒண்ணும் தெரியல. நெருப்பு மாதிரி இருந்துச்சு. நான் நின்னிருக்கணும், சரி. நின்னிருக்கணும்."

சூரியன் வண்டிக்கு முன்னால், இடதுபக்கமாக இருந்தது. கண்ணாடியில் அடிக்க வழியே இல்லை. இவன் சொல்வது ஏரிக்கரையின் வெயில்; அன்று சாயங்காலம்தான் தாழ்வான வெயில் வண்டிக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. அது லோரீனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஓடி வந்தபோது அவள் கண்ணும் அதில் கூசியது. அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். தொப்பியையும் எடுத்தாள்.

"ஹாய்ட் கையில பீர் இல்ல," என்றாள்.

ப்ரூயிட் திரும்பினான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை அவள் பார்த்தாள். முதலில் குழப்பம். அப்புறம் சோளரொட்டி, செம்பட்டை முடி, கத்திக்கொண்டு ஓடி வந்த ஒரு பெண். அவனுடைய வாய் லேசாகத் திறந்தது. இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். இந்த முகத்தை எத்தனை ராத்திரி கற்பனை செய்து வைத்திருந்தாள். இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"அவர் குடியை விட்டுப் பதினெட்டு வருஷம். அது உனக்கும் தெரியும். நீ நீட்டின டின்னை வேணாம்னு சொல்லி என் தேநீரைத்தான் குடிச்சாரு."

"மேடம்... நான் வந்து... அது ஒரு விபத்து."

"இவங்க யாரு?" என்றாள் பாட்ஸி. அவள் ஒருத்தர் முகத்திலிருந்து இன்னொருத்தர் முகத்துக்குப் பார்த்தாள். விட்டுது சனியன் என்று தான் சொன்னது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும், மண் அப்பிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வெயில் அடிச்சுதுன்னு சொன்னியே, எப்ப அடிச்சுது? இன்னைக்கா, அன்னைக்கா?"

ப்ரூயிட் தரையைப் பார்த்தான். அவனுடைய கழுத்தில் வியர்வை ஓடிச் சட்டைக்குள் இறங்கியது. யாருக்கும் இல்லாமல், "ஒரு நிமிஷம்தான்," என்றான். "ரேடியோவுல ஏதோ... ஒரே ஒரு நிமிஷம்."

அப்புறம் தலையை உலுக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தான். "போலாம். இங்க இருக்க வேணாம். முன்னாடி இழுத்தா ஏறிடும். வந்து உக்காரு பாட்ஸி."

முன்னால் இழுத்தால் ஏறலாம், ஏறாமல் மொத்தமாகக் கவிழவும் கவிழலாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒருத்தர் நின்று, சக்கரத்தைப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அது அவனுக்கும் தெரியும். ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பிவிட்டு அசையாமல் இருந்தான். ரேடியோவை அணைத்திருந்தான். லோரீனைக் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.

லோரீன் அசையவில்லை. மின்பெட்டியில் அவள் தள்ளிவிட்டு வந்த பிரேக்கர்களைப் பற்றி இவர்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாத இன்னொன்றும் அவளிடம் இருந்தது. அந்த ஒரு தரம். பாட்ஸி அதைப் பார்க்கவில்லை. பாட்ஸி திரும்பிப் பார்த்தபோது கைகள் ஏற்கெனவே குறுக்கே ஏறியிருந்தன. சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் அவனுடைய வாக்கியத்துக்கு உயிர் வந்துவிடும், ஹாய்ட் மறுபடியும் முட்டாளாகிவிடுவான். சொல்லாவிட்டால் இந்தக் கை இப்படியே அவளோடு இருக்கும். வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"நான் நிக்கிறேன்," என்றாள் பாட்ஸி.

லோரீனைக் கடந்து நடந்து போனாள். இடதுபக்கம், டிரெய்லருக்குப் பின்னால், கண்ணாடியில் முழு உடம்பும் விழுகிற இடத்தைத் தேடி இரண்டு தரம் தள்ளித் தள்ளி நின்று கண்டுபிடித்தாள். உரிந்த முழங்கைகளில் இருந்து ரத்தம் மணிக்கட்டுக்கு இறங்கியிருந்தது. டிரக்கின் பக்கக் கண்ணாடியில் ப்ரூயிட்டின் முகம் தெரிந்தது. இப்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்ஸி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்தாள்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புகை வெயிலில் நெளிந்தது. ஜன்னலுக்கு வெளியே ப்ரூயிட்டின் கை வந்து, என்ன என்பது போல விரிந்து, அப்படியே தொங்கியது. பாட்ஸி கையை இறக்கவில்லை. தோள்கள் நடுங்க ஆரம்பித்த பிறகும் இறக்கவில்லை. டிரெய்லரின் அந்தரச் சக்கரம் அசையாமல் தொங்கியது. கண்ணாடிக்குள் இருந்த முகம் காத்திருந்தது.